சுண்ணாம்புக்கார ஷொமாரி ஒரு தாத்தாவைச் சம்பாதித்த விதம்

ஆப்பிரிக்காவின் கீழைக்கரையில், எங்கள் கில்வாத் தீவில் கல்வீடு வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் ஷிராஸிலிருந்து வந்த ஒரு பாட்டனார் இருந்தார். அப்படி ஒருவர் வாய்க்காதவர்கள் மண்வீட்டில் இருந்தோம். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. பாரசீக நாட்டில் ஷிராஸ் என்று ஒரு மகா பட்டணம், அங்கிருந்து அரச குடும்பத்தார் கப்பலேறி வந்து எங்கள் தீவில் இறங்கினார்கள், அதுவரை மரத்தில் தொங்கிக்கொண்டிருந்த எங்களுக்குச் சோறு தின்னக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது கல்வீட்டுக்காரர்கள் சொல்லும் வரலாறு. சொல்பவர்களின் நிறம் எங்கள் நிறம்தான். மூக்கு எங்கள் மூக்குதான். கோபம் வந்தால் வாயில் வருகிற வசவும் எங்கள் பாஷைதான். பாட்டனார் மட்டும் ஷிராஸ்.

நான் தென்னை நார் திரிப்பவள். எங்கள் கடலில் ஓடும் கப்பல்களுக்கு ஆணி கிடையாது, பலகையைப் பலகையோடு கயிற்றால் தைப்பார்கள். அந்தக் கயிறு என் தொடையில் உருண்டு வருவது. எனக்குப் பாட்டனார் தேவைப்பட்டதில்லை. ஆனால் பக்கத்து வீட்டு ஷொமாரிக்குத் தேவைப்பட்டது.

ஷொமாரி சுண்ணாம்பு சுடுகிறவன். கடல் வற்றுகிற நேரத்தில் ஆட்களை முங்கவிட்டுப் பவளப்பாறையை வெட்டி எடுப்பான். அலையாத்திக் கட்டைகளை வட்டமாக அடுக்கி, அதன்மேல் கல்லைக் குவித்துத் தீ வைப்பான். ஊரில் இருக்கிற கல்வீடு ஒவ்வொன்றின் பூச்சும் அவன் சூளையில் வெந்ததுதான். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை சுண்ணாம்புத் தூள் படிந்து, தூரத்திலிருந்து பார்த்தால் எங்கள் தீவிலேயே வெளுத்த மனிதன் அவன்தான். அந்த ஒரு காரணத்துக்காகவாவது அவனை ஷிராஸ்காரன் என்று யாராவது ஒப்புக்கொண்டிருக்கலாம்.

சுல்தான் பெரிய பள்ளிவாசலை நீட்டிக் கட்டிய காலத்தில் சுண்ணாம்பு பொன்னாய்ப் போயிற்று. ஷொமாரியின் கையில் செம்புக்காசு புரண்டது. குடிசையைப் பிரித்து, அதே இடத்தில் கல்வீடு கட்டினான். சுவரில் மாடங்கள் வைத்தான். மாடத்தில் வைக்கச் சீனக் கிண்ணங்கள் வாங்கினான், விளிம்பு உடைந்தவைதான், உடைந்த பக்கத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தான். வீடு உயர்ந்ததில் என் முற்றத்துக்கு வெயில் போயிற்று. நார் காயப்போட இடமில்லாமல் நான் கடற்கரைக்கு நடக்க வேண்டி வந்தது. அவன் மனைவி மிஸேயிடம் சொன்னேன்.

"என்ன செய்யறது அக்கா, எனக்கும்தான் வெளிச்சம் இல்ல. பகல்லயே விளக்கு வெச்சுத்தான் கஞ்சி கிண்டுறேன். பெரிய மனுஷங்க வீட்டுல இருட்டாத்தான் இருக்குமாம்" என்றாள் மிஸே.

கல்வீடு கட்டியும் ஊர் அதைச் சுண்ணாம்புக்காரன் வீடு என்றே சொன்னது. ஷொமாரி அதைப் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாமல் போனது கோம்போ வீட்டுக் கல்யாணத்தில்தான்.

கோம்போ பெரியவர் தெற்கே சொஃபாலாத் துறையிலிருந்து வரும் தங்கமும் யானைத் தந்தமும் கைமாற்றி விடுகிறவர். அவர் மகள் கல்யாணத்துக்கு ஊரே போனது. நான் பின்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஷொமாரி புதுத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, கப்பலில் வந்த காம்பே வேட்டி தரையில் புரள வந்தான். வாசலில் நின்ற ஆள் அவனைப் பார்த்து, உள்ளே போகச் சொல்லாமல், வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகச் சொன்னான். அங்கே அவனுடைய சூளையில் கூலிக்குச் சுமக்கிறவர்கள் எல்லோரும் முன்பே உட்கார்ந்து ஆட்டுக்கறி தின்றுகொண்டிருந்தார்கள். "வாங்க எசமான்" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்கள். வெற்றிலைத் தட்டு வந்தது. அவன் தலைக்கு மேலாகவே உள்ளே போயிற்று.

சட்டிகளைப் பார்க்கப் பின்கட்டுக்கு வந்த கோம்போ அவனைக் கண்டார்.

"என்ன சுண்ணாம்பு, சாப்பிட்டியா?"

"இல்லீங்க. கூடத்துல உக்காரலாம்னு வந்தேன்."

"உக்காரலாமே. கூடமே உன் சுண்ணாம்புதானே. ஆனா பாரு, அங்க இருக்கிறவங்க எல்லாம் பாட்டன் வழியில ஒண்ணுக்குள்ள ஒண்ணு. இது யாருன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்? உன் பாட்டன் பேரு என்னப்பா?"

"யூசுப்."

"எந்த யூசுப்?"

ஷொமாரி சட்டியைப் பார்த்தான், ஆட்டைப் பார்த்தான், என்னைக்கூடப் பார்த்தான். பிறகு சொல்லிவிட்டான்.

"ஷிராஸ் யூசுப்."

துருவிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேர் கையும் நின்றுபோனது. கோம்போ சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

"அப்படியா? இத்தனை நாளா சொல்லவே இல்லையே. சமாதி எந்தப் பக்கம்? ஒரு நாள் வந்து ஓதிட்டுப் போறேன்."

"இடிஞ்சு கெடக்குங்க. எடுத்துக் கட்டணும்" என்றான் ஷொமாரி.

கட்டினான். ஊர் எல்லையில் புதர் மண்டிய ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, பட்டப்பகலில், எல்லோரும் பார்க்கவே, இல்லாத சமாதியைப் பழுது பார்த்தான். கல் அவனுடையது, சுண்ணாம்பு அவனுடையது, கொத்தனார்கள் அவனுக்குக் கடமைப்பட்டவர்கள். பெரிய வீட்டுச் சமாதிகளுக்கு இருப்பதைப் போலத் தலைமாட்டில் ஒரு தூண் எழுப்பினான். தூணில் பச்சைக் கிண்ணங்களைப் பதித்தான். கோம்போவின் அப்பா சமாதித் தூணைவிட ஒரு முழம் உயரமாகப் போய்விட்டது. கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொண்டான்.

மிஸேயும் நானும் பார்க்கப் போனோம்.

"உள்ள யாருங்க இருக்கா?" என்று மிஸே கேட்டாள்.

"தாத்தா."

"உங்க தாத்தாவையா? எப்ப கண்டுபிடிச்சீங்க?"

அவன் பதில் சொல்வதற்குள் அவனுடைய அம்மா பிலி வந்துவிட்டாள். பிலி கடற்கரையில் கருவாடும் உலர்ந்த கணவாயும் விற்பவள். பாறை வெட்டும் வீட்டில் பிறந்து பாறை வெட்டும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். தலையில் கூடையோடு தூணை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. யாருக்குடா?"

"அப்பாவோட அப்பாவுக்கு."

"என் மாமனாரைச் சுறா தின்னுச்சு. நான் கல்யாணமாகி வந்த வருஷம். பாறை வெட்ட முங்கினவர் மேல வரல. எலும்புகூட ஒதுங்கல. அந்தச் சுறாவைப் பிடிச்சு இங்க புதைச்சிருந்தா பாதியாவது உண்மையா இருக்கும்."

"அம்மா, மெதுவா பேசு."

"ஏன், உள்ள இருக்கிறவர் எழுந்துக்குவாரா?"

அன்றிலிருந்து ஷொமாரி அம்மாவைத் தெருவில் கண்டால் வேறு வழியில் திரும்பி நடந்தான். ஷிராஸ் யூசுப்பின் மருமகள் சந்தையில் கணவாய் விற்கலாமா? கடைக்குப் போகாதே என்றான். அவள் போனாள். வீட்டுக்குள்ளேயே இரு என்றான். கருவாட்டு வாசம் கூடத்துக்கு வந்தது. ஒரு நாள் பள்ளிவாசல் கட்டுமானத்தைப் பார்க்க வந்த ஒரு கணக்கர் அவன் வீட்டில் தண்ணீர் குடித்தார். வெளியே கூடையைக் கழுவிக்கொண்டிருந்த பிலியைக் காட்டி "அது யாரு?" என்று கேட்டார்.

"என்னை எடுத்து வளர்த்த வேலைக்காரி. வயசாயிடுச்சு. துரத்த மனசு வரல" என்றான் ஷொமாரி.

சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே காதில் விழுந்தது. அந்தப் பக்கம் நின்றவளுக்கு விழாமல் இருக்குமா? பிலி அழவில்லை, கத்தவில்லை. கணக்கர் கிளம்பும் நேரம் கைகட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"எசமான், ஐயாவுக்குச் செருப்பை எடுத்துப் போடட்டுங்களா?"

அதிலிருந்து அவள் மகனை எசமான் என்றே கூப்பிட்டாள். யாராவது இருந்தால் மட்டுமில்லை, யாரும் இல்லாதபோதும். "எசமான், கஞ்சி ஆறுது." "எசமான், சின்ன வயசுல உங்களுக்குச் சிரங்கு வந்தப்ப நான்தான் பச்சிலை அரைச்சுப் பூசினேன், ஞாபகம் இருக்குங்களா?" அவன் கெஞ்சினான், மிரட்டினான். அவள் "சரிங்க எசமான்" என்றாள். மிஸே அடுப்படியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

அந்த வருஷ வாடைக்காற்றில் வந்த கப்பல்களில் ஒன்று தையல் விட்டு, தண்ணீர் வாங்கிக்கொண்டு, நொண்டிக்கொண்டு கரை சேர்ந்தது. அதில் கப்பல் தைக்கிற ஒரு பாரசீகன் இருந்தான். பெயர் காவூஸ். மெலிந்த உடம்பு, பொத்தல் விழுந்த சட்டை, மேலெல்லாம் சுறா எண்ணெய் நாற்றம். இந்தக் கடலில் பல வருஷம் ஓடியவன் என்பதால் எங்கள் பேச்சு அவனுக்குச் சரளமாக வந்தது, வசவுகள் இன்னும் சரளமாக வந்தன. கயிறு வாங்க என்னிடம் வந்தான். துறைமுகத்துச் சோம்பேறிகள் சிலர் அவன் பின்னாலேயே வந்தார்கள்.

"காவூஸ், உன் சொந்தக்காரர் ஒருத்தர் இங்க இருக்காரு. ஷிராஸ் யூசுப்போட பேரன். அதோ அந்தக் கல்வீடு."

"சோறு போடுவாரா?"

"போடாம? ரத்தமாச்சே."

காவூஸ் கயிற்றை என் முற்றத்திலேயே போட்டுவிட்டு நேராகச் சமாதிக்குப் போனான். தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் புதரில் இருந்த காக்கைகள் பறந்துபோயின. ஊர் கூடிவிட்டது. ஷொமாரி ஓடி வந்தான். தன் தாத்தாவுக்காக ஒரு நிஜப் பாரசீகன் தரையில் புரள்வதைக் கண்டு அவனுக்குப் பயமும் பெருமையும் ஒன்றாக வந்திருக்க வேண்டும். முகம் அப்படித்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் அவனைத் தூக்கிவிட்டு, தோளில் கைபோட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

கூட்டிக்கொண்டு போனவனால் திரும்ப அனுப்ப முடியவில்லை. காவூஸுக்குச் சோளக்கஞ்சி இறங்காது, அரிசிச் சோறுதான். கோழி தினமும். வெற்றிலை நாளுக்குப் பல தடவை. இன்னும் மெத்தையான படுக்கை இருக்கிறதா என்று கேட்டான். போ என்று சொன்னால் உறவில்லை என்றாகும், உறவில்லை என்றால் தாத்தா இல்லை என்றாகும். ஷொமாரி பல்லைக் கடித்துக்கொண்டு கோழி வாங்கினான்.

காவூஸுக்கு உண்மையில் பிடித்தது பிலியின் கருவாடுதான். கூடத்துச் சாப்பாடு முடிந்ததும் நைசாக அடுப்படிக்கு வந்து அவள் பக்கத்தில் குந்திக்கொள்வான். அப்படி ஒரு மத்தியானம், மிஸேயும் நானும் அங்கே இருந்தோம், பிலி அவனிடம் கேட்டாள்.

"ஷிராஸ்ல உன் வீடு எந்தப் பக்கம்பா?"

"உங்ககிட்ட என்னம்மா மறைக்கிறது. நான் ஷிராஸை எட்டிக்கூடப் பாத்ததில்ல. கடற்கரையில ஒரு மீன்காரக் குப்பம், அதுதான் என் ஊரு. ஷிராஸுக்குப் போகணும்னா மலை ஏறிக் கழுதை மேல போகணும். கழுதைக்குக் குடுக்க எங்கப்பன்கிட்ட ஏது காசு?"

"அப்ப நீயும் மீன்காரி மகன்தானா?"

"ஆமாம்மா."

"உங்கம்மா இருக்காளா?"

"இருக்கா. போனா செருப்பால அடிப்பா. அதான் போகல."

பிலி அவன் கையில் இன்னொரு துண்டு கருவாடு வைத்தாள். மகனிடம் இதைச் சொல்லவில்லை. எங்களையும் சொல்ல வேண்டாம் என்றாள். "எசமான் சந்தோசத்தை ஏன் கெடுக்கணும்" என்றாள்.

இதற்குள் சேதி கோம்போ காதுக்குப் போய்விட்டது. தூணின் உயரம் அவருக்கு முன்பே உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது ஒரு நிஜப் பாரசீகன் வேறு. ஆனால் கோம்போ சாமர்த்தியக்காரர். பாரசீகன் கையாலேயே ஷொமாரியைக் கவிழ்க்கலாம் என்று நினைத்தார். ஊர்ப் பெரியவர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு விருந்துக்கு வருவதாகத் தாமே சொல்லியனுப்பினார்.

ஷொமாரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆடு அறுத்தான். தேங்காய்ப்பால் சோறு, வறுத்த மீன், வாழைப்பழம், தேன். மிஸேக்கு ஒத்தாசையாக நானும் போனேன். பெண்கள் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் தொங்கிய துணிக்குப் பின்னால் இருந்தோம். பிலி மட்டும் வேலைக்காரி ஆயிற்றே, அவள் கூடத்துக்குள் போய்வந்து பரிமாறினாள்.

எல்லோரும் தின்றார்கள். கை கழுவினார்கள். கோம்போ வெற்றிலையை மடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"காவூஸ், நீ நம்ம பாட்டன்மார் மண்ணுலேர்ந்து வந்தவன். பொய் சொல்ல மாட்ட. எங்க பாட்டனார் ஷிராஸ் துறைமுகத்துல கப்பலேறினாரு. கடற்கரையில ஊரே திரண்டு நின்னு அழுதுச்சு. அலை வந்து சுல்தான் காலையே நனைச்சுது. இதெல்லாம் எங்க வீட்டுல தலைமுறை தலைமுறையாச் சொல்றது. இந்த யூசுப்பு எந்தத் துறையில ஏறினாரு? அவரை வழியனுப்ப யார் நின்னா? நீயே சொல்லு."

ஷொமாரியின் முகம் சுண்ணாம்பு பூசாமலே வெளுத்தது. காவூஸ் வாய் நிறைய வெற்றிலையோடு கோம்போவைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். வெற்றிலைச் சாறு மோவாயில் வழிகிற அளவுக்குச் சிரித்தான்.

"துறைமுகமா? ஷிராஸ்ல ஏதுங்க கடலு?"

கோம்போ மடித்த வெற்றிலையை மறுபடியும் பிரித்தார். காவூஸ் நிறுத்தவில்லை.

"சுத்தி மலைங்க. கடலுக்கு வரணும்னா கழுதை மேல பல நாளு ஆகும். அங்க அலை வந்து சுல்தான் காலை நனைச்சுதுன்னா, யாரோ பக்கத்துல குடம் தண்ணியைக் கொட்டியிருப்பாங்க."

துணிக்குப் பின்னால் மிஸே என் தோளைக் கிள்ளினாள். கூடத்தில் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பார்த்தார்கள். அங்கே இருந்தவர்கள் எல்லோருடைய பாட்டனாரும் அதே துறைமுகத்தில்தான் கப்பலேறியிருந்தார்கள். இந்தப் பாரசீகன் இந்த வாயோடு தெருவில் இறங்கினால் பொழுது சாய்வதற்குள் கில்வாவில் ஒரு கல்வீட்டுக்கும் பாட்டனார் மிஞ்சமாட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பிலி செம்போடு முன்னால் வந்தாள்.

"ஐயாமாருக்குத் தண்ணி ஊத்தட்டுங்களா? கடல்தான் இல்லாமப் போச்சு."

கோம்போ கனைத்தார். பெரிய மனிதர் பெரிய மனிதர்தான், எழுந்து ஓடவில்லை.

"அது இப்ப இல்ல. எங்க பாட்டனார் காலத்துல இருந்துச்சு. கடல் உள்வாங்கிப் போயிருக்கும்."

பெரியவர்கள் மூச்சு விட்டார்கள். "ஆமாமா, கடல் உள்வாங்கும்" என்றார் ஒருவர். "எங்க தாத்தாவும் சொல்லியிருக்காரு" என்றார் இன்னொருவர், அவருடைய தாத்தா அவர் பிறப்பதற்கு முன்பே போனவர். எல்லோரும் காவூஸைப் பார்த்தார்கள். காவூஸ் தேன் இருந்த கிண்ணத்தைப் பார்த்தான். கோம்போ அதைத் தம் கையாலேயே அவன் பக்கம் நகர்த்தினார்.

"இருக்கும்" என்றான் காவூஸ், விரலை நக்கிக்கொண்டு. "எங்க பக்கம் எல்லாமே உள்வாங்கிப் போச்சு. கடலு எம்மாத்திரம்."

கோம்போ எழுந்து ஷொமாரியைக் கட்டிப்பிடித்தார். "என் தம்பி முறை ஆகுது. யூசுப்பு எங்க பாட்டனாரோட கப்பல்லதான் வந்திருக்கணும். நான் அன்னிக்கே சந்தேகப்பட்டேன்." ஷொமாரி அவர் தோளில் முகம் புதைத்து விம்மினான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் வேறு இல்லை என்று மிஸேயிடம் பிறகு சொன்னானாம்.

விருந்தாளிகள் போன பிறகு பிலி தன் கூடையை எடுத்துக்கொண்டாள். பாய், இரண்டு சட்டி, மீன் அறுக்கும் கத்தி. மிஸே வழியில் நின்றாள்.

"எங்க அத்தை போறீங்க?"

"குப்பத்துக்கு. எசமானுக்கு இப்ப அண்ணன் தம்பியெல்லாம் கிடைச்சாச்சு. வளர்த்தவ எதுக்கு?"

ஷொமாரி கூடத்தில் உட்கார்ந்திருந்தான். கேட்டது. எழுந்து வரவில்லை. நாளைக்குப் போய்க் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று இருந்தானாம். நாளைக்கு என்பது தள்ளித் தள்ளிப் போயிற்று.

காவூஸ் தன் மதிப்பு எவ்வளவு என்று அந்த விருந்தில் தெரிந்துகொண்டுவிட்டான். மறுநாள் சமாதி மேட்டில், தூணின் நிழலில் பாய் விரித்து உட்கார்ந்தான். யார் வேண்டுமானாலும் ஒரு கோழியோடு வரலாம். பாட்டன் பெயரைச் சொன்னால் போதும். காவூஸ் கண்ணை மூடிக்கொள்வான்.

"ஹசன். ஹசன். குண்டு ஹசனா, நெட்டை ஹசனா?"

"கொஞ்சம் குண்டுதான்னு சொல்லுவாங்க."

"தெரியும், தெரியும். எங்க தெருதான். பேரீச்சை மண்டிக்கு எதிர் வீடு."

இறந்து நூறு வருஷம் ஆன ஹசனை முப்பது வயதுக் காவூஸ் எப்படிப் பார்த்தான் என்று கோழி கொண்டுவந்த யாரும் கேட்கவில்லை. நெசவாளிகள் போனார்கள், கொல்லர்கள் போனார்கள், ஆட்டுக்காரர்கள் போனார்கள். அக்கரையிலிருந்து தேன் விற்க வந்த ஒருவன்கூட, கூட்டத்தைப் பார்த்து வரிசையில் நின்று, ஷிராஸ் அரசரின் மருமகன் பேரனாகத் திரும்பிப் போனான். என் கணவரும் ஒரு சேவலைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். அந்தச் சேவலை நான் குழம்பு வைத்துவிட்டதால் எங்கள் வீட்டுக்கு இன்றுவரை பாட்டனார் இல்லை.

காற்று திரும்பித் தெற்கிலிருந்து வீச ஆரம்பித்ததும் கப்பல்கள் கிளம்பின. காவூஸ் பருத்துப்போயிருந்தான். ஷொமாரியும் கோம்போவும் கரைக்கு வந்து வழியனுப்பினார்கள். அவன் கட்டிக்கொண்டு அழுதது பிலியை மட்டும்தான். அவள் கொடுத்த கருவாட்டு மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டுதான் கப்பலில் படுப்பேன் என்றான்.

காற்றோடு மழையும் வந்தது. அந்த வருஷம் நல்ல மழை. கோம்போ வீட்டு மேற்குச் சுவரில் பூச்சு உரிந்து தண்ணீர் உள்ளே இறங்கியது. இன்னும் பல வீடுகளிலும் அப்படித்தான். சுண்ணாம்பு கேட்டு ஆள்மேல் ஆள் வந்தார்கள். மழை விட்ட இடைவெளியில் பாறை வெட்ட ஷொமாரி தன் ஆட்களைத் தேடிப் போனான். தலையாள் ஜூமே வாசலில் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தான்.

"வாடா, கடல் வத்தியிருக்கு. தோணி எடு."

"எசமான், போன மாசம் வரைக்கும் நான் ஜூமே. இப்ப நான் ஷிராஸ் குர்ஷித் பேரன். குர்ஷித் பேரன் கோவணத்தோட கடல்ல முங்கினா என் குலம் என்ன ஆகறது?"

"உன் குலம் இந்த வருஷம்தானேடா பொறந்துச்சு?"

"உங்களுது போன வருஷம் பொறந்துச்சு. மூத்த குலம்னு மரியாதை வெச்சிருக்கேன். அதுக்காக முங்க முடியாதுங்க."

எல்லா வீட்டிலும் இதே பதில். சுமக்கிறவர்களும் ஷிராஸ். விறகு வெட்டுகிறவர்களும் ஷிராஸ். ஷொமாரி சூளைக்கு முன்னால் தனியாக நின்றான். கோம்போ ஓலைக்குடை பிடித்துக்கொண்டு அவனைத் தேடி வந்தார்.

"தம்பி, உள்ள ஒழுகுது. கிண்ணமெல்லாம் மிதக்குது."

"ஆள் இல்லீங்க அண்ணே. எல்லாரும் நம்ம உறவாப் போயிட்டாங்க."

கோம்போ குடையைத் திருப்பிப் பிடித்தார். "நான் அந்தப் பாரசீகனைக் கடல்லயே தள்ளிவிட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஷிராஸ் ஆகாத பாறைவெட்டிகள் தீவில் ஒரே இடத்தில் இருந்தார்கள். பிலியின் தம்பிகளும் அவர்கள் பிள்ளைகளும் வாழ்ந்த குப்பம் அது. அவர்களில் ஒருவரையும் சமாதி மேட்டுக்குப் போக அவள் விடவில்லை. அவள் சொன்னால்தான் தோணி நகரும். இது ஷொமாரிக்குத் தெரியும். தெரிந்தும் மழைக்கு நடுவே பல நாள் தள்ளிப்போட்டான். கடைசியில் ஒரு காலை மீன்சந்தைக்குப் போனான். நானும் அன்று கயிறு கொண்டு போயிருந்தேன்.

பிலி சுறா அறுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க எசமான். என்ன வேணும்? சுறா நல்லா இருக்கு. திருக்கையும் இருக்கு."

"அம்மா" என்றான் அவன், வாய்க்குள்ளேயே.

"இங்க நிறைய அம்மாங்க விக்கறாங்க எசமான். எந்த அம்மா?"

"விளையாடாதம்மா."

"நான் வேலைக்காரி, எசமான்கூட விளையாடுவனா? நீங்க யாரு வீட்டுப் பிள்ளைன்னு சொன்னாத்தானே எடை பார்த்து வெட்ட முடியும்?"

அக்கம்பக்கத்துக் கடைக்காரிகள் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வாடிக்கைக்காரர்களில் இரண்டு கல்வீட்டு வேலையாட்களும் இருந்தார்கள். ஷொமாரி மீன் ரத்தம் ஓடுகிற தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் அவனை எத்தனையோ கிண்டல் செய்திருக்கிறேன், அந்த நேரம் எனக்கே வேறு பக்கம் பார்க்கத் தோன்றியது.

"பிலி மகன்" என்றான்.

"மழை சத்தத்துல கேக்கல."

"பிலி மகன். நான் பிலி மகன் ஷொமாரி." கத்தியே விட்டான். 

 பக்கத்துக் கணவாய்க்காரி கையை உதறினாள்.

"இது எங்களுக்கு நீ பொறந்தப்பவே தெரியும். வழியை விடு, பின்னால ஆள் நிக்குது."

எல்லோரும் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அத்தனை நாள் அவன் பயந்து செத்தது இதற்குத்தான். பிலி சுறாவை முடித்தாள், கையைக் கழுவினாள், தம்பி வீட்டுப் பக்கம் ஒரு குரல் கொடுத்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"ஏறு தோணியில."

"நானா? நான் முங்கி ரொம்ப வருஷமாச்சும்மா."

"பின்ன, யூசுப்பா வந்து முங்குவாரு? தலைப்பாகையைக் கழட்டு, நனையும்."

முங்கினான். முதல் தடவை கல் இல்லாமல், மூக்கில் தண்ணீரோடு மேலே வந்தான். மாமன் பிள்ளைகள் சிரித்தார்கள். பிலி தோணியில் உட்கார்ந்துகொண்டு, அவன் அப்பா எப்படி முங்குவார் என்று விவரமாகச் சொல்லி அவனை வைதாள். அந்த மழைக்காலம் முடிகிறவரை அப்படித்தான் நடந்தது. கோம்போவின் சுவர் பூசியாயிற்று. கோம்போ அவனைத் தெருவில் கண்டால் இன்னும் தம்பி என்றுதான் கூப்பிட்டார். சுண்ணாம்பு கொஞ்சம் தாராளமாகக் கிடைத்தது அதற்கு ஒரு காரணம். ஜூமேயும் மற்றவர்களும் பசி வந்ததும் தலைப்பாகையை மடித்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள், குர்ஷித் பேரன் என்று கூப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஷொமாரி கூப்பிட்டான். கல் வந்தால் சரி.

பிலி மகன் வீட்டுக்குத் திரும்பவில்லை. மிஸே அழைத்துப் பார்த்தாள். அந்த இருட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்லிவிட்டாள். சந்தைக்குப் பக்கத்திலேயே ஓலைக்குடிசையில் இருந்தாள், கடைசிவரை கத்தியைக் கீழே வைக்கவில்லை. ஷொமாரிதான் சூளை வேலை முடிந்ததும், குளிக்கக்கூட நேரமில்லாமல், தினம் அங்கே போய்க் கருவாட்டுப் பாய்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பான். அவளிடம் அவன் வாங்கிய வசவுகளில் நான் அடிக்கடி கேட்டது இதுதான்.

"காலைக் கழுவிட்டு வாடா மடையா. மீன் மேல சுண்ணாம்பு கொட்டினா எவ வாங்குவா?"